மூன்று ஃப்ரீசர்கள்

எழுபத்திரண்டு துறைகள், முப்பத்தெட்டாயிரம் மாணவர்கள், ஆயிரத்து நூறு ஏக்கர், வருஷத்துக்கு நாலாயிரம் ஆய்வுக் கட்டுரைகள். மதிப்பீட்டுக் கமிட்டி வருகிறது என்று எங்கள் பல்கலைக்கழகம் அச்சடித்த அறிமுகப் புத்தகம் இப்படித்தான் தொடங்கும். எழுதியது நான். கீழே கையெழுத்து துணைவேந்தருடையது.

ஆறு வாரம் என் ஆராய்ச்சியை ஓரம்கட்டிவிட்டு அதை எழுதினேன். "உனக்குத்தான் எழுத்து ஓடுதே" என்றார் கைடு. அவர் கையெழுத்துப் போடாமல் என் தீசிஸ் ஓர் அங்குலம் நகராது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

கருவிகள் பட்டியலில் 'மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்: ஒன்று' என்று போட்டிருந்தேன். கைடு அதை அடித்துவிட்டு 'மூன்று' என்று எழுதினார்.

"சார், நம்மகிட்ட ஒண்ணுதானே இருக்கு?"

"நம்ம துறைக்கு மூணு கட்டடம். மூணுக்கும் கமிட்டி ஒரே நேரத்துலயா போகப்போகுது? டைப் பண்ணும்மா."

டைப் பண்ணினேன்.

அந்த ஒரே ஃப்ரீசரில்தான் என் நாலு வருஷம் இருந்தது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் ரத்தம், சுண்டுவிரல் அளவுக் குழாய்களில். அம்மா அந்தப் பட்டறையில் இருபது வருஷமாகத் துணி அலசுகிறாள். ஊசி என்றதும் நழுவியவர்களைப் பிடித்து உட்காரவைத்தவள் அவள்தான். "நம்ம இருமல் எங்கருந்து வருதுன்னு கம்பெனி டாக்டர் சொல்லமாட்டான். என் பொண்ணு சொல்லுவா" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. காலையில் எங்கள் லேபில் ஃப்ரீசரைப் பார்த்தது. அவர்கள் டீ குடிக்கப் போனதும், அதே ஃப்ரீசரைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பின்வழியாக இரண்டாவது கட்டடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவதுக்கு.

"எப்பண்ணே திரும்பி வரும்?" என்று அட்டெண்டரிடம் கேட்டேன்.

"வாடகை நாற்காலி மாதிரிதாம்மா. இங்க தூக்கி அங்க போட்டு, சாயந்திரம் வந்துரும்."

"கதவத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் தாங்கும். போற இடத்துலெல்லாம் பிளக்க மாட்டிருங்க."

"மாட்டாம விடுவனா? பயப்படாத."

நான் கூடவே போயிருக்க வேண்டும். கமிட்டி கேட்ட இன்னோர் அட்டவணைக்காக அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். முடிக்கும்போது எல்லாக் கட்டடமும் பூட்டியிருந்தது. லேபுக்குத் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

திங்கட்கிழமை லேபில் அது இல்லை. மூன்றாவது கட்டடத்தில், கமிட்டி பார்த்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெரிய பிளக்குக்குப் பொருந்துகிற பாயிண்டே அந்தச் சுவரில் இல்லை. வயரை அழகாகச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். கதவுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

கைடிடம் போனேன். பல்கலைக்கழகத்துக்கு நல்ல கிரேடு வரும் என்ற சந்தோஷத்தில் இருந்தார்.

"எத்தனை சாம்பிளுக்கு ரிசல்ட் எடுத்திருக்க?"

"இருபது சார். மெஷின் சரியா இருக்கான்னு பாக்கத்தான். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அந்தப் போக்குலயே மிச்சத்த நிரப்பு. வைவாவுல குழாயக் காட்டுன்னு எவன் கேக்கப்போறான்?"

"அவங்க ரத்தம் கொடுத்திருக்காங்க சார்."

"அது போச்சு. இனி அத வச்சு அழுதுட்டிருக்கப் போறியா, பட்டம் வாங்கப்போறியா? ஒரு வாரம் டைம் எடுத்துக்க."

நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் முதல் கேள்வியே, மூன்று என்று டைப் செய்தது யார் என்பதாகத்தான் இருந்திருக்கும். வெளியே வந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"திரும்ப எடுத்தா ஆகாதா?" என்றாள்.

"எடுக்கலாம். எல்லாரும் இருக்காங்களா?"

"நாப்பது பேரு வேலைய விட்டு நின்னுட்டாங்க. மூக்குத்திக்காரி போய்ச் சேந்துட்டா. இருக்கறவளுகளும் இன்னொரு தடவ கைய நீட்டுவாளுகளா? நான் சொல்லமாட்டேன்டி. கையப் புடிச்சு இழுத்து உக்காரவச்சவ நானு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நீயே வா."

மறுநாள் மதிய ஷிப்ட் முடிகிற நேரத்தில் பட்டறை வாசலில் நின்றேன். முழங்கைவரை நீலம் ஏறிய கைகளோடு முதலில் வெளியே வந்தது குள்ளக்கா. அம்மாவின் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்பவள்.

"வாடி டாக்டரு. கண்டுபுடிச்சுட்டியா? எங்க ரத்தத்துல என்னதான் ஓடுதாம்?"

அம்மா தள்ளி நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. நான் டைப் செய்த பொய், தள்ளுவண்டி, மாட்டாத பிளக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குள்ளக்காவுக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை நிறுத்தி, மீதியையும் சொன்னேன்.

"என்னுது மட்டுமா, எல்லாரோடதுமா?"

"எல்லாரோடதும்க்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லு. என்னை வச்சுச் சொல்லி அனுப்பலாம்னு பாக்காத."

அடுத்து வந்தவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தேன்.