ஒன்பது வீட்டுக் கூரைகள்

செரீஸ் ஓடைச் சாலையில் பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகத் தபால் போடுகிறேன். பிரித்துப் பார்க்காமலே உறைக்குள் என்ன இருக்கிறது என்று கை சொல்லிவிடும். அந்தப் பிப்ரவரியில் இன்சூரன்ஸ் கம்பெனியின் நீண்ட வெள்ளை உறைகள் ஒரே நாளில் ஒன்பது என் ஜீப்பில் ஏறின. நல்ல சேதி என்றால் ஒன்பது வீட்டுக்குச் சேர்த்து அனுப்பமாட்டார்கள்.

அதில் ஒன்று விர்ஜி பீட்ரேவுக்கு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் சமைத்தவர். நாற்பது வயதுக்குக் கீழே இந்த ஓடைக்கரையில் யார் இருந்தாலும் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். கணவர் நோலன் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன் வந்த பெரிய புயலில் அவர்கள் கூரை போயிற்று. நஷ்டஈடு பாதி கொடுத்த நிலையில் பழைய கம்பெனி திவாலானது. மீதிக்குச் சேமிப்பைத் துடைத்துப் போட்டு, நல்ல கனமான தகடாக, வெள்ளி நிறத்தில் புதுக் கூரை போட்டார்கள். அடுத்து வந்த கம்பெனி, புயலுக்கு முன்னால் வருஷத்துக்கு இரண்டாயிரத்து நானூறு டாலராக இருந்த பிரீமியத்தை ஏற்றி ஏற்றி எட்டாயிரத்து எழுநூறில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. வண்டி இரண்டிலிருந்து ஒன்றானது. நோலன் பல் கட்டுவதைத் தள்ளிப்போட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுவது நின்றது. இதையெல்லாம் விர்ஜி வாய்விட்டுச் சொன்னதில்லை. தபால் போடுகிறவனுக்குத் தானாகத் தெரியும்.

அன்று உறையை வாங்கியவர், நான் ஜீப்பை நகர்த்துவதற்குள் பிரித்துவிட்டார். படித்து முடித்ததும் என்னிடம் நீட்டினார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் உங்கள் கூரை ஆயுள் முடிந்த நிலையில் இருப்பது தெரிகிறது, நாற்பத்தைந்து நாளுக்குள் மாற்றாவிட்டால் பாலிசி புதுப்பிக்கப்படாது என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தோம். வெயிலில் கண் கூசியது.

"மூணு வருஷத்துக் கூரைக்கு ஆயுள் முடிஞ்சுதாம்" என்றார். "எனக்கு அறுபத்தஞ்சு. என்னைப் பத்தி என்ன எழுதுவானோ."

இன்னும் யாருக்கெல்லாம் இது வந்தது என்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு விதி இடம் கொடுக்காது என்றேன்.

"நீ சொல்லாத, கண்ணு. நானே போய்க் கேட்டுக்கறேன். கதவைத் தட்டக் கூடாதுன்னு எனக்கு விதி இல்ல."

முதலில் அவர் முறைப்படியே போனார். ஏணி போட்டு ஏறி, கூரையின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்பினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. வானத்துப் படத்துக்குப் பதிலாகச் சொந்தக்காரர் எடுத்த படத்தை ஏற்பதற்கில்லை, முடிவில் மாற்றமில்லை. சரி, உங்கள் படத்தையாவது காட்டுங்கள் என்று கேட்டு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க வழியில்லை. அவர்கள் வீட்டுக்கடன் இன்னும் நாலு வருஷம் பாக்கி. பாலிசி போய்விட்டால் வங்கியே இரண்டு மடங்கு விலையில் ஒன்றை எடுத்து நம் தலையில் கட்டிவிடும். கடன் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என் வீட்டுக்கு இரண்டு வருஷமாக இன்சூரன்ஸே கிடையாது. வெளியே சொல்லிக்கொள்ளும் விஷயமில்லை அது. ஆகஸ்டில் புயல் காலம் பிறந்தால், காற்றின் சத்தம் மாறினாலே எழுந்துபோய்க் கூரையை அண்ணாந்து பார்ப்பேன்.

விர்ஜி வீடு வீடாகப் போனார். ஒரே வாரத்தில் ஒன்பது வீட்டையும் கண்டுபிடித்துவிட்டார். பலர் கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளாதவர்கள் என்று யாரோ வந்து முகத்தில் அறைந்த மாதிரி இருந்ததாம். அதுதான் தனக்குப் பொறுக்கவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தவக்காலம், இறைச்சி தொடாத நாள். காலை ஒன்பது மணிக்கு ஒன்பது வீட்டுக்காரர்களும் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்ட் கிப் லான்றி ஆபீசுக்குள் நுழைந்தார்கள். அன்று எனக்கு விடுமுறை. நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்று விர்ஜி சொன்னதால் நானும் போனேன். பெரிய அடுக்குப் பாத்திரத்தில் இறால் குழம்பும் சோறும் வந்திருந்தன. அதைப் பார்த்ததுமே கிப்புக்கு முகம் வெளுத்தது. மத்தியானம் வரை இருக்கப்போகிறார்கள் என்று புரிந்துவிட்டது.

கிப் கெட்டவன் இல்லை. பாலிசியை விற்பது மட்டும்தான் தன் வேலை, கூரையைப் பற்றி முடிவு செய்வது கம்பெனியின் கம்ப்யூட்டர், அதனிடம் தன்னாலும் பேச முடியாது என்று விளக்கினான்.

"கம்ப்யூட்டர்கிட்ட பேச நான் வரல" என்றார் விர்ஜி. "அங்க மூச்சு விடற ஆளு ஒருத்தர் இருப்பார்ல, அவருக்குப் போனைப் போடு."

"மிஸ் விர்ஜி, ரெண்டு மணி நேரம் காத்திருக்க வைப்பாங்க."

"மூணாங்கிளாஸ்ல நீ பீட்ரூட் திங்கறதுக்கு நான் அதைவிட அதிகமாக் காத்திருந்தேன், கிப்பு. போடு."

சிரிப்பு அடங்கும்முன் அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தான். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாட்டுக்கு யாரோ காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் மாரிசா என்றாள். பாலிசி எண்ணைக் கேட்டு, கூரையின் நிலை படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்றும், மறுபரிசீலனை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றும் மரியாதையாகவே சொன்னாள்.

"படம் இப்ப உங்க முன்னால இருக்காம்மா?" என்று கேட்டார் விர்ஜி.

"இருக்கு மேடம்."

"என்ன தெரியுது, சொல்லுங்க."

"சாம்பல் கலர் ஓடு. நிறைய இடத்துல பேந்திருக்கு. நடுவுல நீலத் தார்ப்பாய் போட்டிருக்கு."

"அதுக்கு இடது பக்கம் என்ன இருக்கு?"

"இன்னொரு வீடு இருக்கு மேடம். வெள்ளிக் கலர்ல தகரக் கூரை. புதுசு மாதிரி இருக்கு."

"அதுதாம்மா என் வீடு. நீங்க பாக்கறது ஃபோரே குடும்பத்து வீடு. புயலோட ஊரைவிட்டுப் போனவங்க, திரும்பி வரல. அந்தத் தார்ப்பாயும் நாலு வருஷமா அப்படியே கெடக்கு."

கிப் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் விசைப்பலகை படபடவென்று தட்டும் ஓசை. பிறகு மாரிசா, தவறுக்கு மன்னிக்க வேண்டும், திருத்திவிடுகிறேன் என்றாள்.

நானாக இருந்தால் நன்றி சொல்லி வைத்திருப்பேன். விர்ஜி போனுக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"வெச்சுடாதீங்க. எனக்குப் பின்னால எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. ஒவ்வொருத்தர் படமாப் பாத்துடலாம். இங்க சாப்பாடு இருக்கு, எங்களுக்கு அவசரம் இல்ல."

மாரிசா தயங்கினாள். ஆனால் வைக்கவில்லை. அவளை நான் இன்றும் நல்லவளாகவே நினைக்கிறேன். எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு, கூரை மாற்றுவதற்கு முன் எடுத்த பழைய படங்கள். ஒன்றில் ஓக் மரத்து நிழலை ஓட்டை என்று கணக்கில் எடுத்திருந்தார்கள். விர்ஜியுடையதோடு நாலு தவறு. மீதி ஐந்து தவறில்லை. அந்தக் கூரைகள் நிஜமாகவே மோசம். அவர்கள் தலை குனிந்தபோது விர்ஜி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பார்த்தபடியே, நாலு வீட்டில் நீங்கள் தப்புப் பண்ணியிருக்கிறீர்கள், இதை மாநில இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நான் எழுதத்தான் போகிறேன், இந்த ஐந்து வீட்டுக்கும் தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தீர்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதுவேன் என்றார். மேலதிகாரியைக் கேட்டு வந்து, தொண்ணூறு நாளுக்கு மாரிசா ஒத்துக்கொண்டாள். அதை எழுத்தில் வாங்கும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. இறால் குழம்பில் கிப்புக்கும் ஒரு தட்டு கிடைத்தது.

அப்புறம் வந்த சனிக்கிழமைகளில் எங்கள் சாலையில் சுத்தியல் சத்தம்தான். தகட்டை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஒருவர் ஏற்பாடு செய்தார். ஏற முடியாத நோலன் கீழே மேஜை போட்டு, அளந்து வெட்டிக் கொடுத்தார். படகைவிட்டு இறங்கியதிலிருந்து அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. அவகாசம் முடிவதற்குள் நாலு கூரை எழுந்துவிட்டது. ஐந்தாவது வீட்டுக்காரர், பிரீமியத்தோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை என்று, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போனார். விர்ஜி இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தார். அந்த வீட்டைத் தாண்டும்போது இப்போதும் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஜூனில் புதுப்பித்தல் பில் வந்தது. அதையும் நான்தான் கொண்டுபோனேன். கூரையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பிரீமியம் மட்டும் பதினோராயிரத்து முந்நூறு.

வாசல் படியில் உட்கார்ந்து அதை இரண்டு தடவை படித்தார் விர்ஜி. நோலன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"டெக்சஸ்ல மக வீட்டுப் பக்கம் சின்னதா ஒரு வீடு பாப்போமே" என்றார். "எவ்வளவு நாளைக்கு இவனுங்களோட சண்டை போடுவ?"

"நீ போ. வாரா வாரம் லெட்டர் போடறேன். இவன் கொண்டாந்து தருவான்."

"டெக்சஸ் என் ரூட்ல இல்ல, மிஸ் விர்ஜி" என்றேன்.

நோலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அதே படியில், முட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். டெக்சஸ் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று அன்றுதான் அவர்களிடம் சொன்னேன். விர்ஜி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தைரியமா, இல்ல வேற வழி இல்லையா?"

"வேற வழி இல்ல."

"அப்ப இங்க எல்லாரும் ஒரே கட்சிதான்" என்றார்.

மறுநாள் கிப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாலிசியை வரி வரியாகப் பிரித்தார்கள். பின்கட்டுக் கொட்டகைக்கு இருந்த காப்பு போயிற்று. வீட்டுச் சாமான்களுக்கான தொகை பாதியானது. புயலில் சேதமானால் முதலில் தாங்களே போடவேண்டிய பங்கைக் கூட்டிக்கொண்டார்கள். கூரை காற்றைத் தாங்குமா என்று ஒரு ஆய்வாளரை வரவழைத்து, ஆணி ஆணியாகச் சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கியதில் தள்ளுபடி கிடைத்தது. எல்லாம் போக ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். போன வருஷத்தைவிட அதிகம்தான். விர்ஜி படகுத் துறைக் கேண்டீனில் வாரம் மூன்று நாள் மறுபடி சமைக்கப் போகிறார். அந்தச் சம்பளம் மொத்தமும் வீட்டுக்கடனுக்கு. நாலு வருஷக் கடனை இரண்டில் முடிப்பதாகத் திட்டம்.

"கடன் முடியட்டும், கிப்பு" என்று வாசல்வரை வந்து சொல்லியனுப்பினார். "அன்னிக்கு உங்க கம்பெனியை வெச்சுக்கறதும் அனுப்பறதும் என் இஷ்டம். இப்ப வங்கி சொல்லுதுன்னு கட்டறேன். அப்ப நான் சொன்னாத்தான்."

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் பின் என்னை ஏணி பிடிக்கக் கூப்பிட்டார். கையில் கூரைக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டும் ஒரு உருளையும். வேண்டாம் என்று நோலன் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிக்கொண்டே, கோணாமல் இருக்க அட்டையில் இலக்கங்களை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். 2117 என்ற வீட்டு எண்ணை, ஒவ்வொரு இலக்கமும் ஓர் ஆள் உயரத்துக்கு, வெள்ளித் தகட்டில் எழுதினார் விர்ஜி. இரண்டு வாரத்தில் எங்கள் சாலையில் ஏழு கூரைகளில் எண் ஏறியிருந்தது. இன்சூரன்ஸ் இல்லாத நானும் என் கூரையில் எழுதினேன். எதற்கு என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

அந்த செப்டம்பரில் எங்களுக்குத் தெற்கே வளைகுடாக் கடலில் உருவான புயல் எங்களை விட்டுக் கிழக்கே போயிற்று. அங்கே யாருக்கோ அடி விழுந்திருக்கும். சந்தோஷப்பட மனம் வரவில்லை.

அக்டோபரில் கம்பெனியின் வெள்ளை உறை மறுபடி வந்தது. சமீபத்திய படத்தில் கூரையின்மேல் அனுமதியற்ற வண்ணப்பூச்சு காணப்படுகிறது, காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். விர்ஜி என் ஜீப்பின் மூடிமேலேயே காகிதத்தை வைத்து, என் பேனாவை வாங்கி, கடிதத்தின் கீழேயே பதிலை எழுதினார்.

"எண் தெரிகிறதா? அப்படியானால் இந்தத் தடவை சரியான வீட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள்."

உறையில் போட்டு ஒட்டி என்னிடம் நீட்டினார். பதிவுத் தபாலில் போகட்டும், வாங்கிக்கொண்ட கையெழுத்து வந்தாக வேண்டும் என்றார்.