பாலக்காவலனுக்கு ஒரு பிறந்தநாள்

ஜனவரி முதல் வாரத்தில் பதிப்பாசிரியர் டிட்மார் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி, யெல்மாவை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை.

"உங்க நாவல்ல வர்ற ரென்ஸே, தன் பிறந்தநாளுக்கு என்ன பண்ணுவான்?"

"அது கதையில வரலையே."

"வர வேண்டாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. ரென்ஸே, படகுகள் வரும்போது கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் காவலன், ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக அவனை எழுதுகிறாள். அவன் கோட்டின் நிறம் தெரியும், முழங்கால் வலி தெரியும். இருந்தும் பக்கத்துக்குப் பக்கம் மரக்கட்டை மாதிரித்தான் நின்றான்.

"யார் வாழ்த்தணும்னு காத்திருப்பான், யார் மறந்தா மூஞ்சி சுண்டிப்போகும், அதைப் பிடிங்க. ஆள் தானா எழுந்து நடப்பான்" என்று சொல்லிவிட்டு டிட்மார் வைத்துவிட்டார்.

முதலில் ஒரு தேதி வேண்டுமே. அவர்கள் ஊரான ஸ்னீக்கில் எல்லார் வீட்டையும் போல அவர்கள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறைச் சுவரில்தான் தொங்கியது. அத்தை, மாமா, மச்சினன் பெயர்களுக்கு நடுவே ஜனவரி பத்தொன்பதாம் தேதி காலியாக இருந்தது. பென்சிலால் 'ரென்ஸே' என்று எழுதினாள்.

அதன்பின் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நூலகத்தில் புத்தகங்களைத் தப்பான தட்டில் அடுக்கினாள். ரொட்டிக் கடையில் தன் முறை வந்ததும் தெரியாமல் நின்றாள். ரென்ஸேவுக்கு எட்டு வயதுப் பிறந்தநாள் எழுதினாள், கிழித்தாள். முப்பது வயது எழுதினாள், அதையும் கிழித்தாள். எல்லாப் பிறந்தநாளிலும் அவன் கேக் வெட்டினான், சிரித்தான். கடை பொம்மைக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் தேதி அவள் கணவன் வீகருக்கு ஐம்பத்திரண்டு. மத்தியானம் உறவும் அக்கம்பக்கமுமாகப் பதினோரு பேர் வந்து, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு கேக், மடியில் தட்டு. வீகரின் தங்கை பௌகே கழிப்பறைக்குப் போனவள், வரும்போதே குரல் கொடுத்தாள்.

"யாருடி அந்த ரென்ஸே? போன மாசம் பத்தொன்பதாம் தேதி?"

உண்மையைச் சொன்னால் 'அந்த நாவல்ல நான் இருக்கேனா?' என்று பதினோரு பேரும் பிடித்துக்கொள்வார்கள். முதல் நாவலின்போது பட்டது போதும்.

"தெரிஞ்சவர். பாலத்துல வேலை."

"எங்களுக்குத் தெரியாம உனக்கு ஒரு பாலக்காரரா! சரி, பார்ட்டிக்குப் போனியா? கேக்காவது குடுத்தாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். யெல்மா வாயைத் திறந்தாள். வந்த வார்த்தைகள் அவளுக்கே புதிதாக இருந்தன.

"பிறந்தநாள்னா நாமதானே வேலை செய்ற இடத்துக்குக் கேக் வாங்கிட்டுப் போகணும்? அவரும் ஆறு வாங்கிட்டுப் போவார். ஆனா பாலத்துல அவர் ஒருத்தர்தான். படகுக்காரங்க வந்தா குடுக்கலாம்னு பார்ப்பார். ஜனவரியில படகு ஏது? சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு, ஆறையும் அவரே தின்னுடுவார். வீட்டுல கேட்டா, எல்லாரும் நல்லாருக்குன்னாங்கன்னு சொல்லிடுவார்."

சிரிப்பு நின்றுபோனது. "ஐயோ பாவம்டி" என்றாள் பௌகே. "அடுத்த வருஷம் நானே போய் ஒண்ணு வாங்கித் தின்னுட்டு வரேன்."

யெல்மாவுக்குக் கை பரபரத்தது. காப்பி கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்கு ஓடி, கடை ரசீதின் பின்பக்கத்தில் அத்தனையையும் கிறுக்கினாள்.

விருந்தினர் போனபின் வீகர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான்.

"யார் அவன்?"

"என் நாவல்ல வர்றவன். சத்தியமா. நிஜ ஆளே இல்ல."

"நல்லவேளை." ஒரு நாற்காலியைச் சுவரில் சாய்த்தான். "எனக்கு என்ன கேக் பிடிக்கும், சொல்லு."

"காப்பி போட்ட மோக்கா கேக். இதென்ன கேள்வி?"

"மோக்கா உங்கப்பாவுக்குப் பிடிக்கும். நம்ம கல்யாணமான வருஷம் வாங்கிட்டு வந்தே. நல்லாருக்குன்னேன். இருபத்திநாலு வருஷமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன்."

குரலில் கோபமே இல்லை. அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மிச்ச நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள். "உனக்கு ஞாபகம் இருக்கிற பிறந்தநாள் ஒண்ணு சொல்லேன்."

"நாவலுக்கா?"

"எனக்கு."

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தான். பிறகு சொன்னான். எட்டு வயது. வகுப்புக்குக் கொடுக்க, சீஸ் துண்டு குத்திய முப்பது குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் அவன் அம்மா ராத்திரி முழுக்க வெட்டி ஒட்டிய காகிதக் கொடி. பள்ளிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. கால்வாய் உறைந்துவிட்டதென்று சறுக்கி விளையாட விடுமுறை விட்டிருக்கிறார்கள். இவனுக்குச் சேதி வரவில்லை. மொத்த வகுப்பும் பனிக்கட்டியில் பறக்கிறது. இவன் தட்டோடு கரையில் நிற்கிறான்.

"சறுக்குறவன் கையில கையுறை. குச்சியைப் பிடிக்க முடியலை. எல்லாம் கீழ விழுந்துச்சு. நான் பனியில முட்டி போட்டு, கொடியை மட்டும் பொறுக்கினேன். அம்மா எண்ணிப் பார்ப்பாளேன்னு."

யெல்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ரென்ஸேவுக்கு இதைவிட ஒரு பிறந்தநாள் அமையாது என்று அவளுக்குத் தெரிந்தது; அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"வீகர், இதை நான்..."

"வேண்டாம்" என்றான். "அது என்னோடது."

அவள் எழுதவில்லை. மார்ச்சில் டிட்மார் புதிய பக்கங்களைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். ஆறு கேக் தின்கிற இடம் அபாரம், ஆனால் அவனுடைய சின்ன வயது மட்டும் இன்னும் வெறிச்சென்றிருக்கிறதே, ஒன்றும் கிடைக்கவில்லையா என்றார்.

"கிடைச்சுது. குடுக்க மாட்டேன்."

அன்று மாலை யெல்மா கால்வாய்க் கரையில் இருட்டும்வரை மேலும் கீழுமாக நடந்தாள். சின்னப் பையன் ரென்ஸேவுக்கு வேறு ஏதாவது ஒரு பிறந்தநாள் காலைப்பொழுது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.