முக்கால் மணி நேரத் தூரம்

வானத்தில் போனால் முக்கால் மணி நேரம், தரையில் போனால் ஒரு பகல் முழுக்க. இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே ஒரு மலைத்தொடர் கால் நீட்டிப் படுத்திருந்தால் கணக்கு அப்படித்தான் வரும். அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான், விமானத்தில் ஏறும் எடையைக் கணக்குப் பார்க்கும் எடைக் கணக்கர் மோசம் போனார்.

மலைக்கு அந்தப் பக்கம் அக்கா படுக்கையில் விழுந்து ஒரு மாதம் ஆயிற்று. அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். எங்கெங்கோ இருந்த உறவெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இவர் மட்டும், "முக்கால் மணி நேரம்தானே, எப்ப வேணா போய்க்கலாம்" என்று நாளைக் கடத்தினார்.

இன்று காலை அத்தான் போனில் உடைந்துபோனார். "டாக்டர் கைய விரிச்சுட்டார்டா. உன்னையேதான் கேட்டுட்டு இருக்கா."

"இன்னிக்கு விமானத்துல வந்துடறேன் அத்தான். ஏறிட்டான்னே சொல்லிடுங்க."

ஊழியர்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் இடம் மிஞ்சினால்தான். இன்று ஓர் இடம் மிஞ்சியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மனிதர் கடைசி வேலையாக எடைக் கணக்கைப் போட உட்கார்ந்தார். அப்போதுதான் மலைக்கு மேலே பலத்த எதிர்க்காற்று என்று தகவல் வந்தது. காற்று எதிர்த்தால் எரிபொருள் கூட வேண்டும். எரிபொருள் ஏறினால் அந்தக் குட்டி விமானத்தில் வேறு ஏதாவது இறங்க வேண்டும். சரக்குப் பெட்டிகளை முழுக்க இறக்கச் சொன்னார். அப்படியும் இடித்தது. அடுத்து இறங்க வேண்டியது இலவச டிக்கெட். அதாவது அவர்.

ஆள் யாரானாலும் எழுபத்தைந்து கிலோ என்று எழுதுவதுதான் அங்கே சட்டம். அவரோ அறுபதைத் தாண்டியதே இல்லை. "ஈர்க்குச்சி, காத்தடிச்சா பறந்துடுவே" என்று அக்கா கேலி செய்துகொண்டே இன்னொரு கவளம் ஊட்டுவாள். உள்ள எடையை எழுதினால் மயிரிழையில் இடம் கிடைத்துவிடும். மறைப்பானேன், எழுதலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. ஆனால் போன வாரம்தான் கொத்தவரங்காய் மாதிரி இருந்த ஓர் ஊழியரை, "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்று இதே மேசையில் இருந்து திருப்பி அனுப்பியிருந்தார். பயணிகள் பட்டியலில் இருந்து தன் பெயரை அடித்தார்.

தாளில் கையெழுத்துப் போட வந்த விமானி நிமிர்ந்து பார்த்தாள். "அக்காவுக்கு முடியலன்னு சொன்னீங்களே?"

"காத்து என்னைக் கேட்டுட்டா வீசுது, கேப்டன்? நீங்க கிளம்புங்க."

விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரம் காத்திருந்து அவர் பேருந்தில் ஏறினார். அத்தானிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நல்ல சேதியா, ஓடிப்போய்ச் சொல்ல?

போன் அடித்தது. பேசியது அக்கா. குரல் நூலாக இழைந்தது.

"விமானம் எப்பவோ இறங்கிடுச்சாமே. வாசலையே பாத்துட்டு இருக்கேன். எங்கடா ஈர்க்குச்சி, காத்து தூக்கிட்டுப் போயிடுச்சா?"

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அவருக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இதோ வந்துட்டேன்க்கா" என்றார். "முக்கால் மணி நேரம்தான்."

பேருந்து இன்னும் மலையடிவாரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.