ஐந்து இலக்கங்கள்

ஐந்து பேருக்கு நான் எங்கே போவேன் என்று பஸ்மியா நினைத்தாள். கணவர் பாயிஸ் ஒன்று. மூதூரில் கட்டிக்கொடுத்த மகள் ரிப்கா ஒன்று. பள்ளிச் சீருடை தைக்கத் துணி அனுப்பும் குணேஸ்வரி ரீச்சர் ஒன்று. அதற்கு மேல் மடிக்க விரல் இருந்தது, ஆள் இல்லை. நாலாவதாக வந்திருக்க வேண்டியவர் ஹஸ்மி காக்கா. கூடப் பிறந்த ஒரே ஆண், மூத்தவர். கடைசியில் பிஸ்மில்லாவைக் குறிக்கும் எழுநூற்று எண்பத்தாறு வர வேண்டும் என்று ஆள் வைத்துத் தேடி வாங்கிய இலக்கம் அவருடையது. அவருக்கும் பாயிஸுக்கும் பகை வந்ததிலிருந்து, அதை அவள் அழுத்தி இரண்டு வருடமாகிறது.

"ஐஞ்சும் நிரம்ப வேணுமெண்டு இல்லை அக்கா," என்றாள் போன் பெக்கேஜ் போட்டுக்கொடுக்கும் கடையில் இருந்த தர்சிகா. "மூண்டு போட்டாலும் எடுக்கலாம். ஆனா காசு ஒண்டுதான். ஐஞ்சு பேரோட எவ்வளவு நேரமும் சும்மா கதைக்கலாம். உங்களுக்கு இதுதான் லாபம்."

உட்துறைமுக வீதியில் இருந்த அந்தச் சின்னக் கடைக்குள் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வாசலில் நின்று உள்ளே தலையை நீட்டியது. தர்சிகா கணக்குக் கொப்பியால் மேசையில் தட்டி அதைத் துரத்தினாள். "இவருக்கும் ஒரு சிம் குடுத்தாத்தான் போவார் போல," என்றாள். பஸ்மியா சிரித்தாள்.

மலிவான ஒன்றாகப் பார்த்து எடுக்கச் சொல்லி அனுப்பியதே பாயிஸ்தான். மாதம் முடிவதற்குள் அவளுடைய போனில் போட்ட ரீலோட் காசு தீர்ந்துவிடுகிறது என்று அவருக்குக் குறை. இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள், "இனி எனக்கு எடுக்காத. மிஸ்கோல் ஒண்டு போடு, நான் திருப்பி எடுக்கிறன்," என்றார். அன்றிலிருந்து அவள் ஒரு மணி அடித்ததும் வெட்டிவிடுவாள். அவர் உடனே திருப்பி எடுப்பதில்லை. துறைமுகத்தில் வேலை, இரைச்சல், கையில் கிறீஸ் என்று அவளே காரணம் சொல்லிக்கொள்வாள். சோறு ஆறிய பிறகு சில நாள் எடுப்பார், சில நாள் எடுக்கவே மாட்டார்.

"முதல்ல அவர்ட நம்பரப் போடுங்க," என்று சொன்னாள்.

தர்சிகா தட்டினாள். திரையைப் பார்த்தாள். "அக்கா, இந்த நம்பரும் உங்கட ஐடென்டிற்றியிலதானே இருக்கு."

ஓம். அவரைத் துறைமுகத்தில் வேலைக்கு எடுத்த வாரம். உள்ளே போகும் பாஸுக்காகத் தன் அடையாள அட்டையைக் கொடுத்திருந்தார், திரும்பி வரும்வரை பொறுக்க முடியாமல் இவளுடைய அட்டையில் சிம் எடுத்தார். பிறகு மாற்ற வேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அவர் மாற்றியிருப்பார் என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது.

"இந்த நம்பருக்கு இதே பெக்கேஜ் ஏற்கனவே ஓடுது. ஐஞ்சும் நிரம்பியிருக்கு. ஆனா உங்கட நம்பர் அதில இல்லையே அக்கா." தர்சிகா சிரித்துக்கொண்டே திரையை அவள் பக்கம் திருப்பினாள். "அண்ணைக்குப் பேச்சுக் குடுங்கோ. பொஞ்சாதியை விட்டுட்டார். ஆரையாவது ஒராளை எடுத்துட்டு உங்களைப் போட்டுவிடவா?"

முதல் மூன்றும் அவருடன் வேலை செய்பவர்கள். நாலாவது அவருடைய உம்மாவின் வீடு. ஐந்தாவது எழுநூற்று எண்பத்தாறில் முடிந்தது.

பஸ்மியா அதைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். பிறகு கேட்டாள்: "இத எப்ப போட்டது?"

"பெப்ரவரி பதினொண்டு. உங்கட நம்பர எடுத்துட்டுத்தான் இதைப் போட்டிருக்கு."

பெப்ரவரி. அவளுடைய மனம் மாதங்களை மெதுவாகத்தான் கடந்தது. ஏப்ரலில் அல்லவா அம்ராவுக்குக் கலியாணம். காக்காவின் மகளுக்கு அளவு எடுக்காமலேயே சட்டை தைப்பாள் பஸ்மியா, அவ்வளவு தூக்கி வளர்த்த பிள்ளை. அழைப்பு வந்தபோது பாயிஸ் அதைக் கையால் தொடவில்லை. "போறதெண்டாப் போ. உன்ட உம்மாட காணிக்காக என்னை நடுவீதியில வெச்சு ஏசின மனிசன்ட ஊட்டுக்கு நீ போகலாம். நான் தடுக்க மாட்டன்," என்றார். அவள் போகவில்லை. தைத்து முடித்த ரோசாப்பூ நிறச் சட்டையை அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அன்று பகல் அவர் இரண்டு முறை வெளியே போய்ப் போனில் கதைத்துவிட்டு வந்தார். வேலை விஷயம் என்றார். அவள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

காக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. பந்தலில் தங்கச்சியின் இடம் வெறுமையாகக் கிடந்தபோது ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் பகைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நடுவில் நின்று, ஒருவர் பெயரை மற்றவர் காதில் படாமல் சொல்லப் பழகியவள் அவள் ஒருத்திதான். இல்லாத பகையை அவள் மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

கிண்ணியாவில் உம்மா அவளுக்கு எழுதிவைத்த அந்தக் காணியை வெளியாள் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மூன்று கிழமையாகப் பாயிஸ் சொல்கிறார். வெளியாளிடம் போய்விட்டால் உன் காக்கா கண் வைக்க முடியாது என்கிறார். யார் அந்த வெளியாள் என்று கேட்டபோது, ஒப்பம் வைக்கிற நேரம் தெரியும்தானே என்றார். இப்போது கேட்கத் தேவையிருக்கவில்லை; யார் பெயரில் எழுதினாலும் அது காக்காவிடம்தான் போகும்.

"என்ன அக்கா, ஆரை எடுக்கட்டும்?"

"ஒருத்தரையும் எடுக்க வேணாம் பிள்ள. அது அப்பிடியே இருக்கட்டும். எனக்கு ஐஞ்சு பேர் உள்ளது வேணாம். ஒரு கிழமைக்கு உள்ளதில சின்னது ஏதும் இருந்தாப் போடுங்க."

"அது உங்களுக்கு நட்டம் அக்கா."

"பரவால்ல."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். கடல் வலது பக்கம் கிடந்தது, அவள் பார்க்கவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வெட்கம். அந்த மிஸ்கோல்களை நினைக்க நினைக்கக் காது சுட்டது. ஒரு மணி அடித்து வெட்டிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பகல் இருந்திருக்கிறாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பாயிஸ் முச்சக்கரவண்டியில் வந்தார். வண்டியைப் படலையடியில் எஞ்சின் ஓட நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கையில் காணிப் பத்திரங்கள் வைத்த பிளாஸ்ரிக் கோவை. பஸ்மியா தையல் மெசினில் இருந்தாள்.

"வெளிக்கிடு. உறுதி எழுதுற நொத்தாரிஸ் அஞ்சு மணிக்குப் போயிருவார். ஐடென்டிற்றிய எடு."

"நான் வரல்ல."

"மேலுக்குச் சரியில்லையா?"

"மேலுக்கு ஒண்டுமில்ல."

"மறுகா என்ன? வாங்குற மனிசன் அங்க வந்து காத்துக்கொண்டு நிக்கிறார்."

"நிக்கட்டும்."

அவர் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தார். குரலைத் தாழ்த்தினார். "சொல்லு பாப்பம். உன்ட காக்கா ஆள் அனுப்பினானா? அவன்ட பக்கம் சாயப் போறியா?"

பஸ்மியா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். காக்கா என்று சொன்னபோது அவருடைய உதடு எப்போதும்போலச் சுருங்கியது. மூக்கு விடைத்தது. இருபத்தைந்து வருடமாகப் பார்த்த முகம். ஒரு இடத்திலும் பிழை தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது. இந்த முகம் வேறு எதற்கெல்லாம் இப்படிச் சுருங்கியிருக்கும் என்று அவள் பின்னோக்கித் தேடத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது.

"நான் ஆர்ட பக்கமும் இல்ல," என்றாள். "அது உம்மா எனக்குத் தந்த காணி. நான் ஒப்பம் வெக்க மாட்டன்."

"மூணு கிழமையா ஓம் ஓம் எண்டுட்டு, இண்டைக்கி என்ன புதுக் கதை?"

அவள் மெசின் பக்கம் திரும்பினாள். பாதியில் நின்ற வெள்ளைக் கொலரை ஊசிக்கு நேரே வைத்து, காலால் மெசினை மிதித்தாள். அவர் எழுந்தார். கோவையை மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வெளியே முச்சக்கரவண்டிக்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்தினான். துணி ஊசிக்கடியால் மெல்ல நகர்ந்து, அவளுடைய மடியில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.