சரிந்திருந்த கார்டு

சொந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் தம்பிக்குத்தான் போன் போகும். அவனும் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை கணக்காக வந்து இறங்குவான். அன்றைக்கு அழைத்தது அவனுடைய அக்கா.

அத்தான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தே கடைகளுக்கு விளம்பர வீடியோ செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகவே போன மாதம் தம்பி ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்து மாட்டிக் கொடுத்திருந்தான். இப்போது வீடியோவை ஓடவிட்டாலே மானிட்டர் கறுத்துப்போகிறது. சோபாக் கடைக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

வந்தவன் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ள ஏதாவது கை வச்சீங்களா அத்தான்?" என்றான்.

அத்தான் மறைக்கவில்லை. கரன்ட்டை அணைத்துவிட்டு பிரஷ்ஷால் தூசி தட்டியதைச் சொன்னார். அவ்வளவுதான், பழி போட ஆள் கிடைத்துவிட்டது. கண்டவர்கள் கை பட்டாலே கார்டு போய்விடும் என்று தம்பி ஒரு பிரசங்கமே செய்தான். அதில் பாதி அவனுக்கே விளங்காது. அக்கா சமையலறையிலிருந்து வந்து பிடித்துக்கொண்டாள். தெரியாத விஷயத்தில் எதற்கு மூக்கை நுழைக்கிறீர்கள், கம்பெனியிலும் இப்படித்தான் எதையாவது கெடுத்து வைத்தீர்களோ என்று ஒரு வார்த்தை கூடுதலாகவே விட்டாள். அத்தான் கடைக்காரரிடம் அவகாசம் கேட்க, போனோடு பால்கனிக்குப் போனார்.

தம்பி கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாக ஏற்றினான். மானிட்டர் கேபிளை மாற்றினான். எதற்கும் மசியவில்லை. வேறு வழியில்லாமல்தான் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான்.

கார்டு ஒரு பக்கமாகச் சரிந்து, ஸ்லாட்டிலிருந்து லேசாக வெளியே வந்திருந்தது. அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ அங்கே இல்லை. கழன்று விழுந்திருந்தால் கேபினெட்டுக்குள்ளேதானே கிடக்க வேண்டும்? கிடக்கவில்லை. அதைப் போட்டால்தானே இருக்கும்! போன மாதம் கூட்டாளிகள் கீழே வண்டியோடு நின்று ஹாரன் அடித்ததும், 'அதெல்லாம் நிக்கும்' என்று மூடியைப் போட்டுவிட்டு ஓடியவன் அவனேதான். தம்பிக்குக் காது மடல் சுட்டது.

கார்டை அழுத்தினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து, திருட்டு வேலை செய்பவன் போல அவசரமாக முடுக்கினான். வீடியோ தடங்கலில்லாமல் ஓடியது.

பால்கனியிலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "என் தப்புதான் சார். தெரியாம உள்ள கை வச்சுட்டேன்."

தம்பிக்கு அங்கேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளே வந்த அத்தான் ஓடும் படத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "நீ இல்லன்னா மானம் போயிருக்கும் மாப்ளே. இனிமே அந்த மூடியத் தொடவே மாட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் தம்பி வாயைத் திறந்தான். கதவோரம் அக்கா அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல அத்தான், விடுங்க. எல்லாரும் பண்ற தப்புதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தானுக்கோ அந்த ஒரு வார்த்தையிலேயே முகம் தெளிந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் மாப்ளே" என்றார்.