இருநூற்றுப் பன்னிரண்டு ‘ம்’

1

இந்தக் கதை ஒரு சிவப்புப் பொத்தானால் பிறந்தது. தப்பு, அதை அழுத்தாததால் பிறந்தது. [முதலில் ‘வானம் பிளந்தது’ என்று தொடங்கினேன். மனைவி படிப்பாளே என்று அடித்துவிட்டேன்.]

நானும் அவளும் முதன்முதலாகச் சந்தித்ததை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். பேய்மழை, நனைந்தபடி அவள், ஒற்றைக் குடையோடு நான். ஒவ்வொரு தடவையும் வெள்ளம் ஓர் அங்குலம் ஏறும். போன மாதம் அது கழுத்தைத் தொட்டபோது அவள் சொன்னாள்:

“ஒரே ஒரு தடவ நான் சொல்றேன், நடந்தத நடந்தபடி. அத எழுதுங்க.”

2

எழுதுவதென்ன, ஒலிப்பதிவே செய்கிறேன் என்று குதித்தேன். எட்டு மைக் செருகும் பெட்டி வந்து இறங்கியது. வீட்டில் இருப்பது இரண்டே வாய்; மீதி ஆறு ஓட்டையும் என் உற்சாகத்துக்கு. கணினியில் ஒன்றாம் ஒலித்தடம் எனக்கு, இரண்டாம் தடம் அவளுக்கு. குரல்கள் கலக்கக் கூடாதென்று அவளை உள்ளறையில் போர்வைகளுக்கு நடுவே உட்காரவைத்து, கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்தேன். எனக்கெதற்கு மைக் என்கிறீர்களா? கதை சொன்னால் ‘ம்’ கொட்ட ஆள் வேண்டாமா?

நாற்பது நிமிடம் சொன்னாள். பெட்டியில் இரண்டு பச்சை விளக்குகளும் துள்ளின. விண்கலம் ஓட்டுகிறவன்போல அவற்றையே பார்த்தபடி ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன்.

[அவள் சொன்னதை நான் உன்னிப்பாகக் கேட்டதாக இங்கே ஒரு பத்தி இருந்தது. அருமையான பத்தி. பொய்.]

3

என் தடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ‘ம்’. அவள் தடத்தில் ஒரு நேர்கோடு. தடத்துக்குத் தடம் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகுமாம். எனக்கு மட்டும் அழுத்தியிருக்கிறேன். முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டவன் நான். இவ்வளவு சுத்தமான கோடு போட்டதே இல்லை.

“சரி, பதிவாகல. காதால கேட்டீங்கல்ல?”

“பொட்டி கேக்குதேன்னு நான்...”

“அப்ப எதுக்கு அத்தன ‘ம்’?”

[இந்த இடத்தில் என் பதில் வரும். வரட்டும்.]

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் சிரிக்கிறாள். ஒன்றில் நான் காலில் விழுகிறேன். இன்னொன்றில் மறுபடியும் வெள்ளம். மூன்றிலும் அவள் பேச வேண்டியதை நானே எழுதியிருந்தேன். அவளுடைய புகாரே அதுதானே!

மூன்று முடிவுக்கும் மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் அவள் வந்தாள். என் மைக்கைப் பிடுங்கினாள். தன் தடத்தின் சிவப்பைத் தானே அழுத்தினாள். “வாயத் தொறந்தீங்க, அதோட சரி” என்றாள்.

நாற்பத்தேழு நிமிடம். இந்தத் தடவை நேர்கோடு என்னுடையது. கேட்டேன் ஐயா, முழுக்கக் கேட்டேன்!

எழுத எனக்குக் கிடைத்த அனுமதி ஒரே வாக்கியம்: “அன்னைக்கு மழையே பெய்யல.”

மழை நான் சேர்த்ததுதான். குடை நிஜம். பின்னே எதற்காக அதற்குள் வந்தாள்? இரண்டாம் தடத்தில் இருக்கிறது, சொல்ல மாட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல்.

இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

“ம்” என்றாள்.