மரியஜானைக் கூட்டிவர யார் போவது?

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெஃப்ரினுடையது. ஜெஃப்ரின் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது நாகர்கோவிலில் டாக்சி ஓட்டுகிறான். போன வாரம் கோட்டாற்றில் ஒரு டீக்கடையில் வைத்து, அவன் காரில் ஏறிய ஒருவரைப் பற்றி நான்கு விஷயங்கள் சொன்னான்.

அந்த ஆள் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில், சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தோடு நாற்பது நிமிஷம் நின்றார். காரில் முன் சீட்டில் ஏறினார். களியக்காவிளையில் இறங்கிப் பின் சீட்டுக்கு மாறினார். கடைசியில், சொந்த ஊர் முக்கில் காரை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு ஃபோன் போட்டு, "நான் இன்னும் ஏர்போர்ட்டுலதான் நிக்கேன்" என்றார்.

"அம்புட்டுதானா?" என்றேன்.

"இல்ல மக்கா. பொறவுதான் விஷயமே. அந்தப் பக்கத்துல இருந்து—"

"ஏலே, சொல்லாத! வாய மூடு!"

டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாவது விஷயத்தை நான் ஏன் கேட்கவில்லை என்று போகப் போகச் சொல்கிறேன். இப்போதைக்கு, ஆளுக்கு ஒரு பெயர் வேண்டும். மரியஜான். வயது ஐம்பத்தெட்டு. மனைவி குளோரி, மகன் அபின். வட்டக்கோட்டைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால், "எங்க ஊர்ல அப்படி ஒரு ஆளே கிடையாது" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

2

விமானம் தரையைத் தொட்டபோது மரியஜானின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று —

(ஏதோ ஒன்று என்றால் என்ன? எனக்கே தெரியவில்லை. விடுங்கள்.)

திருவனந்தபுரம் அன்று காலை மழையில் நனைந்து —

(அன்றைக்கு மழையே இல்லை, சரியான வெயில் என்றான் ஜெஃப்ரின்.)

மரியஜான் இருபத்துநான்கு வருஷம் துபாயில் டாக்சி ஓட்டினார். ஆனால் அதுவரைக்கும் ஒரு தடவைகூட டாக்சியில் ஏறிப் போனதில்லை.

இந்த வரி நிற்கும். இங்கிருந்து போகலாம்.

(அவர் டாக்சி ஓட்டியவர் என்பது ஜெஃப்ரினின் ஊகம். "முன் சீட்டுல இருந்துக்கிட்டு எனக்கு முன்னால அவரு பிரேக்க மிதிச்சாரு மக்கா" என்றான். பிரேக் மிதித்த அந்த ஒரு காலை வைத்துத்தான் மீதி ஆளையே நான் கட்டியிருக்கிறேன்.)

3

எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கல்ஃபிலிருந்து ஆள் வந்தால் வேன் போகும். கூட்டிவர ஒருவர் போதும்தான். ஆனாலும் வேனில் இடம் இருக்கிற வரைக்கும் ஆள் ஏறும். மரியஜான் முதல் லீவுக்கு வந்தபோது பதினொரு பேர் போனார்கள். குளோரியின் மடியில் இருந்த ஒன்றரை வயது அபின், அப்பாவைப் பார்த்ததும் யாரோ பிள்ளைபிடிக்கிறவன் என்று அலறினான்.

அந்தப் பதினொன்றில் பக்கத்து வீட்டு சிலுவைமுத்துவும் உண்டு. அவர் சொந்தக்காரரே இல்லை. பிளேன் பார்க்க வந்தவர். போகும்போது களியக்காவிளையில் வாந்தி எடுப்பார், வரும்போதும் அதே இடத்தில் எடுப்பார். அடுத்த லீவுக்கு முதல் ஆளாக வேனில் ஏறி உட்கார்ந்திருப்பார். ஏர்போர்ட் வாசலில் இடது பக்கத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, தோளில் கிடக்கும் சிவப்புத் துவர்த்தை (துண்டுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) எடுத்து வீசுவார். கூட்டத்தில் மரியஜானுக்கு முதலில் தெரிவது அந்தத் துவர்த்துதான். பிறகு எல்லாரும் ஓடி வருவார்கள், பெட்டியைப் பிடுங்குவார்கள், "மெலிஞ்சு போயிட்டியள" என்பார்கள். திரும்பும்போது முன் சீட்டு வந்தவருக்கு. அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படிப் பன்னிரண்டு தடவை. பதினொரு பேர் ஒன்பதானார்கள், வேன் சுமோ ஆனது, சிலுவைமுத்து ஒரு வருஷம் படுத்தார், அடுத்த லீவுக்கு இல்லை. போன தடவை அபின் மட்டும் வந்தான், காதில் இயர்ஃபோனோடு.

பதின்மூன்றாவது தடவைக்கு இப்படித்தான் பேச்சு நடந்திருக்கும்:

"அப்பா, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. இங்க இருந்தே ஒரு கார் போட்டுத்தாரேன். வாசல்ல கொண்டு வந்து இறக்கி விட்டுருவான்."

ஃபோன் குளோரியின் கைக்குப் போகிறது. "எனக்கு முட்டு வலி தெரியும்லா? அம்புட்டு தூரம் காலை மடக்கி இருக்க முடியாது. இப்பம் எல்லாரும் டாக்சியிலதான் வாராவ. நீங்க வந்திருவியதானே?"

"வந்திருவேன். ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

ஒருவர்மேலும் தப்பு சொல்ல முடியாது. எல்லாம் நியாயமான காரணம். ஆனால் குளோரிக்கும் அபினுக்கும் தெரியாத ஒன்று உண்டு. மரியஜான் இந்தத் தடவை லீவில் வரவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற கண் டெஸ்ட்டில் தோற்று, எல்லாம் முடித்துக்கொண்டு வருகிறார். இனி போக மாட்டார். போகாத ஆளுக்கு வரவும் கிடையாது. அவரைக் கூட்டிவர யாராவது போவதென்றால் இதுதான் கடைசித் தடவை.

4

பன்னிரண்டு தடவை வந்து இறங்கிய நகரம். அங்கே ஒரு தெருவின் பெயர்கூட மரியஜானுக்குத் தெரியாது. தெரிய வேண்டி வரவில்லை. தூணைத் தெரியும், துவர்த்தைத் தெரியும், வேனுக்குள் ஏறினால் பேச்சிலேயே களியக்காவிளை வந்துவிடும். துபாயில் எந்த ரவுண்டானாவில் எந்தப் பக்கம் திரும்பினால் எங்கே போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இங்கே வாசலைத் தாண்டி வெயிலில் நின்றதும், வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்று தெரியவில்லை.

கால் தானாக அந்தத் தூணுக்குப் போனது.

அங்கே அருமனைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஏழெட்டுப் பேர், கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. சாமானையெல்லாம் துபாயில் அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கையில் ஒரே ஒரு சின்னப் பையோடு வந்து நின்ற மரியஜானைப் பார்த்து அந்தக் கூட்டத்துப் பெண் ஒருத்தி கேட்டாள், "அண்ணன் யாரக் கூப்பிட வந்திய?"

இவர் சொன்னார்: "எங்க ஆளு வரணும். பைய வரும்."

அவர்களோடு சேர்ந்து இவரும் கதவைப் பார்த்தார். அவர்களுடைய பையன் வந்தான். எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் மரியஜானும் இருக்கிறார், சிரித்துக்கொண்டு. அருமனையில் யாருடைய ஃபோனிலோ இப்போதும் இருப்பார்.

ஃபோன் நான்காவது தடவை அடித்தபோதுதான் எடுத்தார்.

"மாமா, ஒங்க மவன் போட்ட வண்டி. எங்க நிக்கிய?"

"தூணுக்குப் பக்கத்துல."

"இங்க நூறு தூணு இருக்கே மாமா!"

"சிலுவைமுத்து நிக்கிற தூணு."

"அது யாரு?"

"ஒண்ணுமில்ல மக்கா. நீ நில்லு, நான் வாரேன்."

5

முன் சீட்டில் ஏன் ஏறினார்? எனக்கு இரண்டு சந்தேகம். வந்தவருக்கு முன் சீட்டு என்ற பழக்கமாக இருக்கலாம். அல்லது, துபாய் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம். டிரைவர் ஏறுகிற கதவை நோக்கி இருபத்துநான்கு வருஷமாக நடந்த கால், இங்கேயும் இடது கதவுக்கு நடந்திருக்கலாம். நம் ஊரில் அது பயணி உட்காரும் இடம், அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. உட்கார்ந்த பிறகு கை முன்னால் நீண்டு, அங்கே ஒன்றும் இல்லாமல் மடிக்குத் திரும்பியதை மரியஜான் மட்டும் கண்டார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. மரியஜான் தரையை ஓங்கி மிதித்தார்.

"மாமா, அந்தப் பக்கம் பிரேக்கு இல்ல" என்று சிரித்தான் ஜெஃப்ரின்.

"நீ மிதிச்சியான்னு பாத்தேன்."

"நான் மிதிச்சதுனாலதான் நாம பேசிட்டிருக்கோம்."

6

(இந்த இடத்தில் கதை நகரவில்லை. மூன்று நாள் நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறேன்.

என் அப்பா குவைத்தில் இருக்கிறார். போன வருஷம் லீவுக்கு வந்தபோது, "டாக்சி புடிச்சி வந்துருங்கப்பா, ரொம்ப ஈசி" என்று சொன்னது நான்தான். காரை ஃபோனில் போட்டதும் நான்தான். வரைபடத்தில் ஒரு சின்னக் கார் ஊர்ந்து ஊர்ந்து தக்கலையைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தேன். அந்தக் காருக்குள் அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாரா, பின்னாலா? நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லை.

சரி. கார் களியக்காவிளைக்கு வந்துவிட்டது.)

7

"டீ குடிச்சோம், பொறவு அவரு பின்னால மாறிட்டாரு." ஜெஃப்ரின் சொன்னது இவ்வளவுதான். கீழே வருகிற பேச்சு என் கைவேலை.

"எத்தன நாளு லீவு மாமா?"

மரியஜான் கிளாஸில் ஊதினார். இந்தக் கேள்வியை வீட்டில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், கடற்கரையில் கேட்பார்கள். எல்லாருக்கும் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். ஆனால் இந்தப் பையனை இனிமேல் பார்க்கப்போவதில்லை.

"லீவு இல்ல மக்கா. முடிஞ்சு. கண்ணு டெஸ்ட்டுல தோத்துட்டேன்."

"வீட்டுல தெரியுமா?"

"லீவுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"அதென்ன மாமா! சொல்லியிருந்தா எல்லாரும் வண்டி புடிச்சி வந்திருப்பாவல்லா?"

"வந்திருப்பாவ. அதான் சொல்லல." கிளாஸை வைத்தார். "பாவம்னு நெனச்சி வாரது வேற. ஆசப்பட்டு வாரது வேற."

ஜெஃப்ரின் இரண்டு டீக்கும் காசு கொடுத்தான்.

"ஒரு தடவ பின்னால இருந்து வாரேன்" என்றார் மரியஜான். "எத்தன பேரப் பின்னால வச்சி ஓட்டியிருக்கேன். எப்படி இருக்கும்னு பாக்கணும்."

பின்னால் இருந்து பார்த்தால் முதலில் தெரிவது ஒரு பிடரி. பிறகு கண்ணாடியில் இரண்டு கண். துபாயில் பின் சீட்டில் யாராவது அழுதால் மரியஜான் ஒன்றும் கேட்க மாட்டார். கையை உயர்த்திக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிடுவார். பிலிப்பைன்ஸ் பெண்கள், பெங்காலிப் பையன்கள், ஒரு தடவை கோட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர். அவர்கள் இறங்கின பிறகு கண்ணாடியை நேராக்குவார்.

மார்த்தாண்டம் மேம்பாலம் போனது, தக்கலை போனது, நாகர்கோவில் போனது. தெரிந்த ஊர்கள்தான். ஆனால் தனியாக, பேச்சில்லாமல், பின் சீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஒன்றும் தெரிந்த இடமாக இல்லை. வாயில் வந்ததைக் கேட்டார்:

"இப்பம் கூட்டிட்டுப் போவதுக்கு ஆளுவ ஏர்போர்ட்டுக்கு வாராவளா?"

"வாராவ மாமா. மொத தடவ போய்ட்டு வாரவங்களுக்கு வாராவ."

ஊர் முக்கில் ஒரு குருசடி உண்டு. சின்னச் சிலுவை, கம்பிக் கதவு, உருகிய மெழுகுவர்த்திகள். அங்கிருந்து திரும்பி ஐந்நூறு அடி போனால் வீடு.

"மக்கா, இங்க நிறுத்து."

"வாசல்ல விடச் சொன்னாவளே?"

"நிறுத்து பிள்ளே. ஒரு ஃபோன் பேசணும்."

ஜெஃப்ரின் நிறுத்தினான். "நான் டயரப் பாக்கணும்னு எறங்கிட்டேன்" என்று என்னிடம் சொன்னான். அவன் டயர் போன மாதம் மாற்றியது. கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினானா என்று கேட்டேன். "அதெல்லாம் ஞாபகமில்ல" என்றான். திருப்பினான் என்று எழுதிக்கொள்கிறேன்.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

குளோரி முட்டு வலியோடு ஒரு ஆட்டோ பிடித்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி, முக்கில் காரைப் பார்த்து —

(ஆட்டோவில் திருவனந்தபுரம் போவாளா? சினிமா. வேண்டாம்.)

"இன்னும் அங்கேயா நிக்கிய? வேற வண்டி புடிச்சி வாங்க, சோறு ஆறிப்போவும்" என்கிறாள் குளோரி. மரியஜான் ஃபோனை வைத்துவிட்டு —

(இதை எழுதியதும் என் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இதுதான் நடந்திருக்கும் என்று பயம்.)

முக்கில், குருசடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, சிவப்புத் துவர்த்தோடு —

(மன்னிக்கவும். செத்தவரைக் கொண்டுவருவது எழுதுகிறவனுக்கு ரொம்ப லேசு.)

உண்மையில் நடந்தது ஜெஃப்ரினுக்குத் தெரியும். ஒரு ஃபோன் போட்டால் சொல்லிவிடுவான். நான் போட மாட்டேன். வருகிற பதினாலாம் தேதி என் அப்பா வருகிறார். "நீ வர வேண்டாம், டாக்சி புடிச்சிக்கிடுவேன்" என்று அவரே சொல்லிவிட்டார். எத்தனை நாள் லீவு என்று நானும் கேட்கவில்லை. ஜெஃப்ரினின் ஐந்தாவது விஷயம் நல்லதாக இருந்தால், எல்லாம் தானாகச் சரியாகும் என்று வீட்டில் இருந்துவிடுவேன். கெட்டதாக இருந்தால், என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை என்று இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் இந்த இடத்தை உங்களிடம் தருகிறேன்.

நீங்கள் குளோரி. அடுக்களையில் நிற்கிறீர்கள். மீன் செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுக்கிறீர்கள்.

"எங்க வாரிய?" என்று கேட்கிறீர்கள்.

"நான் இன்னும் ஏர்போர்ட்டுலதான் நிக்கேன்" என்கிறார் மரியஜான். "யாராவது வாரியளா?"

அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கிறது. உங்கள் ஊர்க் கோயில். உங்கள் அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அதே மணி, அதே நேரத்தில், காதில் வைத்திருக்கிற ஃபோனுக்குள்ளும் கேட்கிறது.

அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் ஃபோனை வைக்காமல் நிற்கிறார்.

மணி ஓய்ந்தது. சொல்லுங்கள்.